பழைய பிக்கப் லாரியின் இக்னிஷன் சாதனங்களை மாற்றுவது அவசியமா?

யந்திரம் எதுவாயினும், அதன் விலையைக் காட்டிலும் அது வேண்டிய வேளையில் தவறாது வேலை செய்யுமா என்பதே விவசாயி முக்கியமாய்க் கவனிக்கவேண்டிய விஷயமாகும். அறுவடை முடிந்து, மழை மேகம் திரண்டு நிற்கும் தறுவாயில், களத்தில் கிடக்கும் தானியத்தை ஏற்றவேண்டிய வண்டி கிளம்பாது நின்றுவிட்டால், அந்த ஒரு நாளின் நஷ்டம் அவ்வண்டிக்கு ஒரு வருஷம் முழுதும் செய்யும் செலவை மிஞ்சிவிடக்கூடும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பண்ணைகளில் இவ்விதச் சில்லறைப் பாரங்களைப் பல்லாண்டுகளாய்ச் சுமந்து வருவது பிக்கப் லாரி எனப்படும் சிறிய சரக்கு வண்டியாகும். முன்புறம் இரண்டு மூன்று பேர் உட்காரும் அறையும், பின்புறம் திறந்த பெட்டியும் உடைய இவ்வண்டியை, ஃபோர்டு கம்பெனியார் 1925-ம் வருஷத்தில் தமது மாடல் டி வண்டியின் ஒரு வகையாகத் தொழிற்சாலையிலேயே கட்டி விற்கத் தொடங்கினர். வைக்கோற் கட்டு, விதை, உரம், வேலிக் கம்பி, கன்றுக்குட்டி ஆகிய யாவும் அதில் ஏறும். ஐம்பது வருஷங்களுக்கு முன் செய்யப்பட்ட பிக்கப் லாரிகள் சில இன்றும் அங்குள்ள பண்ணைகளில் உழைத்து வருகின்றன. அவற்றின் யந்திரத்தில் ஒளிவு மறைவான பாகம் எதுவும் இல்லாமையால், சொந்தக்காரரே சாதாரணக் கருவிகளைக் கொண்டு பழுது பார்த்துக்கொள்ள முடிகிறது.

இத்தகைய வண்டியை வைத்திருப்போரிடம் அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுண்டு. பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கும் இக்னிஷன் சாதனங்களைக் கழற்றிவிட்டு, அதிக வோல்ட் தரும் காயில், கனத்த கம்பிகள், உயர்ந்த விலையுள்ள பிளக்குகள், எலெக்ட்ரானிக் டிஸ்ட்ரிப்யூடர் ஆகியவற்றைப் பொருத்தினால் வண்டிக்குப் பலம் கூடுமா, பெட்ரோல் மிச்சமாகுமா என்பதே அது. உதிரிச் சாமான் விற்போர் கூடும் என்பர். பழைய மெக்கானிக்குகளில் பலர் அது வீண் செலவு என்பர். இவ்விரு கூற்றுகளிலும் எவ்வளவு உண்மை உண்டு என்பதை, 1967 முதல் 1972 வரையிலான மாடல்களாகிய செவ்ரோலெட் சி-10 என்னும் அரை டன் பிக்கப் லாரியை உதாரணமாகக் கொண்டு இங்கே ஆராய்வோம். கம்பெனியார் கொடுத்தபடியே, எவ்வித மாறுதலும் செய்யப்படாத யந்திரத்தைக் குறித்தே இங்குப் பேசப்படுகிறது.

நம் நாட்டுப் பண்ணைகளில் உள்ள டிராக்டர்கள் பெரும்பாலும் டீஸலில் ஓடுவன. டீஸல் யந்திரத்தில் எண்ணெய் அழுத்தச் சூட்டினாலேயே பற்றிக்கொள்வதால், அதற்கு மின்பொறியே வேண்டுவதில்லை. ஆயினும், பழைய பெட்ரோல் ஜீப்புகளில் உள்ள ஏற்பாடும் சி-10 லாரியில் உள்ள ஏற்பாடும் தத்துவத்தில் ஒன்றே. ஆகையால் அத்தகைய வண்டியுடையோர்க்கும் இவ்விஷயம் பயன்படும்.

பொறி உண்டாகும் விதம்

பாட்டரியைக் கொண்டு பொறியை உண்டாக்கும் இம்முறையைக் கார்களுக்கு ஏற்றவாறு அமைத்துப் பரவச் செய்தவர் சார்லஸ் கெட்டரிங் என்பவர். இவர் 1876-ம் வருஷத்தில் ஓஹையோ மாகாணத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இவரும் இவருடைய கூட்டாளிகளும் ஏற்படுத்திய டெல்கோ கம்பெனியின் சாதனம் 1910-ம் வருஷத்துக் காடில்லாக் கார்களில் முதன்முதல் அமைந்தது. அதன்பின் அறுபது வருஷங்களுக்கு மேலாக, பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலானவை இம்முறையையே கையாண்டன.

காயில் என்பது இரும்புத் தண்டின்மேல் சுற்றப்பட்ட இரண்டு கம்பிச் சுருள்களாலானது. ஒன்று தடித்த கம்பியால் சில நூறு சுற்றுகளும், மற்றொன்று மயிரிழை போன்ற கம்பியால் பல்லாயிரம் சுற்றுகளும் உடையது. டிஸ்ட்ரிப்யூடருக்குள் இருக்கும் பாயிண்ட் என்னும் இரண்டு சிறு உலோகக் குமிழ்கள் ஒன்றையொன்று தொட்டிருக்கும்போது, பாட்டரியின் மின்சாரம் தடித்த சுருளில் ஓடுகிறது. இரும்புத் தண்டு காந்தமாகிறது. சுழலும் தண்டின் முனைப்பு பாயிண்ட்டைத் திறந்ததும் மின்சாரம் சட்டென்று தடைப்படுகிறது. வாய்க்காலில் விரைந்து வரும் நீரை மடைப்பலகையால் திடீரென்று அடைத்தால் நீர் எகிறுவதைப்போல, அக்கணத்தில் மெல்லிய சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழும்புகிறது. அதை ரோட்டர் என்னும் சுழல்முள் ஒவ்வொரு ஸிலிண்டரின் பிளக்குக்கும் முறையே பங்கிட்டுக் கொடுக்கிறது. பாயிண்ட்டுகளுக்கு இடையே பொறி தாவி அவை கருகாதபடியும், மின்சாரம் உடனே நிற்கும்படியும் செய்வது கண்டன்ஸரின் வேலை.

எவ்வளவு வோல்ட் வேண்டும்?

காயிலின் மீது 40,000 வோல்ட் என்று எழுதியிருந்தால், அது ஒவ்வொரு முறையும் 40,000 வோல்ட் கொடுக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. ஏரியில் நீர் எவ்வளவு வந்தாலும், அது கலிங்கின் மட்டத்தை அடைந்ததும் வழிந்தோடத் தொடங்குகிறது. கரையை மேலும் பத்தடி உயர்த்திக் கட்டினாலும் கலிங்கு இருந்தபடியே இருக்குமாயின் நீர்மட்டம் உயராது. காயிலின் திறமை ஏரிக்கரையின் உயரம் போன்றது. பிளக்கின் முனைகளுக்கு இடையே உள்ள சந்தே கலிங்கு. அச்சந்தைத் தாண்டுவதற்கு எவ்வளவு வோல்ட் வேண்டுமோ அவ்வளவை எட்டியதும் பொறி தாவிவிடுகிறது. வோல்ட் அதற்குமேல் ஏறுவதில்லை.

சி-10 லாரியில் பிளக்கின் சந்து 0.035 அங்குலம், அதாவது ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்கிட்டால் 35 பங்கு. 250 கன அங்குலக் கொள்ளளவுள்ள ஆறு ஸிலிண்டர் யந்திரத்தில் ஆவி அமுக்கப்படும் விகிதம் சுமார் 8.5-க்கு 1. இந்நிலையில் நல்ல பிளக்குக்குச் சாதாரணமாய் 8,000 முதல் 15,000 வோல்ட் வரை போதுமானது. கம்பெனியார் கொடுத்த காயிலோ 20,000 வோல்ட்டுக்கு மேல் எழுப்பும் சக்தி வாய்ந்தது. ஆகவே, தேவைக்கு மேற்பட்ட இருப்பு முன்னமேயே உண்டு. பற்றிக்கொள்ளும் நிலையிலுள்ள ஆவியை ஒரு பொறி சரியான தருணத்தில் ஒருமுறை பற்றவைத்துவிட்டால் அதன் வேலை தீர்ந்தது. அதனினும் பெரிய பொறியால், எரிந்துகொண்டிருக்கும் ஆவிக்கு அதிக பலம் உண்டாவதில்லை.

வேகம் அதிகமாகும்போது காயிலுக்குக் காந்தசக்தி நிரம்ப அவகாசம் குறையும் என்பதும் உண்மையே. ஆனால் அதையும் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். ஆறு ஸிலிண்டர் யந்திரம் நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது, ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று பொறி வீதம் நிமிஷத்துக்கு 9,000 பொறிகள் வேண்டும். பாயிண்ட்டுகள் மூடியிருக்கும் கோணம் 32 டிகிரி என்று கொண்டால், ஒவ்வொரு பொறிக்கும் காயில் நிரம்புவதற்கு ஒரு வினாடியின் ஆயிரத்தில் மூன்றரைப் பங்கு காலம் கிடைக்கிறது. 2,000 சுற்றில் இது ஐந்து பங்குக்கு மேலாகிறது. வயற்பாதையில் வைக்கோல் ஏற்றிச் செல்லும் வண்டிக்கு இந்த அவகாசம் தாராளமானது. பந்தயத்துக்காக 6,000, 7,000 சுற்றுகள் ஓட்டப்படும் எட்டு ஸிலிண்டர் யந்திரத்துக்கு அது போதாது. பந்தய வண்டிக்கு ஏற்ற சாதனம் பண்ணை வண்டிக்கும் ஏற்றதாகும் என்று எண்ணுவதே இவ்விஷயத்தில் உண்டாகும் முதல் தவறாகும்.

கம்பெனிகள் ஏன் மாற்றின?

பழைய முறை போதுமானதாயின் மோட்டார்க் கம்பெனிகள் அதை ஏன் கைவிட்டன என்ற கேள்வி எழுவது இயல்பே. கிரைஸ்லர் கம்பெனியார் 1973-ம் வருஷத்து மாடல் கார்களில் பாயிண்ட் இல்லாத எலெக்ட்ரானிக் முறையைப் பொதுவாக்கினர். செவ்ரோலெட் வண்டிகளைச் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1975-ம் வருஷத்து மாடல்களிலிருந்து எச்.ஈ.ஐ. எனப்படும் எலெக்ட்ரானிக் டிஸ்ட்ரிப்யூடரைக் கார்களுக்கும் சிறு லாரிகளுக்கும் பொதுவாக அமைத்தனர்.

இம்மாறுதலுக்கு முக்கிய காரணம் புகைச் சட்டமேயன்றி யந்திர பலமன்று. அமெரிக்க சர்க்கார் 1970-ம் வருஷத்தில் இயற்றிய காற்றுத் தூய்மைச் சட்டத்தின்படி, ஒரு வண்டியின் புகை ஐந்து வருஷம் அல்லது 50,000 மைல் வரையில் நிர்ணயித்த அளவுக்கு உட்பட்டிருக்க வேண்டியதாயிற்று. பாயிண்ட்டுகளோ சுமார் 12,000 மைலுக்கு ஒருமுறை மாற்றத்தக்கவை. இடையில் அவை தேயத் தேயப் பொறி விழும் தருணம் தவறும். எரியாத பெட்ரோல் வெளியேறும். மேலும் 1975-ம் வருஷம் முதல் புகைக்குழாயில் அமைக்கப்பட்ட சுத்திகரிப்புச் சாதனம் அத்தகைய எரியாத பெட்ரோலால் கெட்டுவிடும். புகையைக் குறைப்பதற்காகப் பெட்ரோலின் விகிதம் குறைக்கப்பட்ட ஆவியும், புகை கலந்த ஆவியும் எளிதில் பற்றாமையால், அகன்ற சந்தும் வலிய பொறியும் தேவைப்பட்டன.

ஆகவே, புதிய முறையின் தலைசிறந்த குணம் தேயாமை என்பது தெளிவு. வலிய பொறி அக்காலத்துப் புதிய யந்திரங்களின் தேவைக்கென ஏற்பட்டது. 1972-க்கு முற்பட்ட சி-10 யந்திரத்துக்கு வலிமை தேவையில்லாவிடினும், தேயாமையால் பயன் உண்டு. பணம் செலவிடுமுன் இவ்வித்தியாசத்தை நன்கு உணர்ந்துகொள்ளுதல் வேண்டும்.

பலம் குறைவதற்கு உண்மையான காரணங்கள்

பழைய வண்டி ஏற்றத்தில் திணறுவதும், ஈரக் காலையில் கிளம்பாதிருப்பதும் பெரும்பாலும் தேய்ந்துபோன பாகங்களால் விளைவன. புதுச் சாமான் வாங்குமுன் கீழ்க்கண்டவற்றை வரிசையாய்ச் சோதித்தல் வேண்டும்.

1. பாட்டரியும் மண்தொடர்புக் கம்பியும்: ஓய்விலிருக்கும் நல்ல பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட்டர் சுழலும்போது அது 9.6 வோல்ட்டுக்குக் கீழ் இறங்குமாயின் குறை பாட்டரியிலோ, துருப்பிடித்த கம்பி முனைகளிலோ இருக்கிறது. யந்திரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் உள்ள இணைப்புக் கம்பி அறுந்திருத்தலும் உண்டு. இக்குறையோடு எந்தக் காயிலைப் பொருத்தினாலும் பயனில்லை.

2. பிளக்குகள்: முனை மழுங்கிய பிளக்குக்கு அதிக வோல்ட் வேண்டும். கழற்றிப் பார்த்தால் வெண்களிமண் பாகம் இளம்பழுப்பு நிறமாயிருத்தல் நல்ல அறிகுறி. உலர்ந்த கரி படிந்திருப்பின் பெட்ரோல் அதிகம் செல்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருப்பின் பிஸ்டன் வளையங்களோ வால்வுகளோ தேய்ந்துள்ளன. வெளுத்துக் கொப்புளித்திருப்பின் சூடு மிகுந்துள்ளது. விலையுயர்ந்த உலோக முனையுள்ள பிளக்குகள் நீண்ட நாள் உழைக்குமேயன்றி, பலத்தைக் கூட்டமாட்டா.

3. கம்பிகளும் டிஸ்ட்ரிப்யூடர் மூடியும்: இருட்டில் யந்திரத்தை ஓடவிட்டுப் பார்த்தால், விரிசல் கண்ட கம்பிகளைச் சுற்றி நீல ஒளி படர்வது தெரியும். மூடியின் உட்புறத்தில் பென்சில் கோடு போன்ற கரித்தடம் இருப்பின் மின்சாரம் அவ்வழியே கசிகிறது. ஈரக் காலையில் மட்டும் வண்டி கிளம்ப மறுப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாகும்.

4. பாயிண்ட்டுகள்: புதிய பாயிண்ட்டின் சந்து 0.019 அங்குலம், உபயோகித்ததற்கு 0.016 அங்குலம். முனைப்பின்மீது உராயும் சிறு கட்டை தேயத் தேயச் சந்து குறுகி, பாயிண்ட் தாமதமாய்த் திறக்கும். பொறியும் தாமதமாய் விழும். அக்கட்டை உராயுமிடத்தில் அதற்குரிய கிரீஸ் சிறிதளவு இடுதல் இத்தேய்வைப் பெரிதும் தடுக்கும். மிகுதியாயிட்டால் அது பாயிண்ட்டில் தெறித்துக் கருக்கிவிடும்.

5. டிஸ்ட்ரிப்யூடரின் தண்டு: தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கையில் ஆட்டம் கண்டால் உட்புறப் புஷ்கள் தேய்ந்துள்ளன. அந்நிலையில் பாயிண்ட்டை எவ்வளவு கவனமாய் அமைத்தாலும் ஒவ்வொரு பொறியும் ஒவ்வொரு தருணத்தில் விழும்.

6. பொறியை முன்கூட்டும் ஏற்பாடு: யந்திரத்தின் வேகம் கூடக் கூடப் பொறி முன்னதாக விழுதல் வேண்டும். இதற்கெனச் சிறு எடைகளும் வில்களும் டிஸ்ட்ரிப்யூடருக்குள் உள்ளன. அவை பழைய கிரீஸ் உலர்ந்து இறுகி அசையாதிருத்தல் மிகவும் சாதாரணம். வெளிப்புறத்தில் வாக்குவம் பெட்டி ஒன்றும் உண்டு. அதன் ரப்பர்க் குழாயை வாயால் உறிஞ்சினால் உள்தட்டு நகர்ந்து அப்படியே நிற்கவேண்டும். நில்லாவிடில் உள்ளிருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறது. அச்சவ்வு கிழிந்த வண்டி நிதானமாய் ஓடும்போதும் வீணாகப் பெட்ரோலைக் குடிக்கும்.

கடைசியிற் சொல்லிய ஏற்பாடு மிக முக்கியமானது. ஆயினும் மிகக் குறைவாய்க் கவனிக்கப்படுவதும் அதுவே. அது கெட்டிருக்கும்போது பொறியின் வலிமையைக் கூட்டுவது, நாற்று முதிர்ந்தபின் உரம் இடுவதைப் போன்றது. எவ்வளவு இட்டோம் என்பதைவிட எப்போது இட்டோம் என்பதே விளைவை நிர்ணயிக்கும். இவை யாவும் சரியாயிருந்தும் வண்டி திணறுமாயின், கார்புரேட்டர், பெட்ரோல் வடிகட்டி, ஸிலிண்டர்களின் அமுக்கம் ஆகியவற்றை ஆராய வேண்டுமேயன்றி, இக்னிஷன் சாமான்களில் மேலும் பணம் போடலாகாது.

எலெக்ட்ரானிக் முறைக்கு மாறுதல்

மேற்கண்டவற்றைச் செம்மை செய்தபின், தேயும் பாகமாகிய பாயிண்ட்டை அறவே நீக்கிவிட விரும்புவோர்க்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, பழைய டிஸ்ட்ரிப்யூடரை அப்படியே வைத்துக்கொண்டு, பாயிண்ட்டும் கண்டன்ஸரும் இருந்த இடத்தில் சிறு எலெக்ட்ரானிக் வில்லையையும், தண்டின்மேல் காந்த வளையத்தையும் அமைப்பதாகும். இவ்வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடியக்கூடியது. வெளித்தோற்றத்தில் யாதொரு மாறுதலும் இராது. ஆயினும் தண்டின் புஷ்களும் முன்கூட்டும் எடைகளும் பழையனவே என்பதை மறத்தலாகாது. தேய்ந்த டிஸ்ட்ரிப்யூடரில் இதைப் பொருத்துவது, உளுத்த கொழுவில் புதுக்காறு பூட்டுவதாகும்.

இரண்டாம் வழி, 1975-க்குப் பின் இதே இன யந்திரங்களுக்கெனக் கம்பெனியார் செய்த எச்.ஈ.ஐ. டிஸ்ட்ரிப்யூடரை முழுமையாகப் பொருத்துவதாகும். எட்டு ஸிலிண்டர் யந்திரத்துக்குரியதில் காயில் மூடியின்மேலேயே அமைந்துள்ளது. பழைய டிஸ்ட்ரிப்யூடர் ஆட்டங்கண்டு, எவ்விதமும் மாற்றவேண்டிய நிலையிலிருப்பின் இவ்வழியே சிலாக்கியமானது. இதன் தலை பெரிதாயிருப்பதால், பின்புறத் தகட்டுக்கும் அதற்கும் இடம் போதுமா என்பதை முன்னமே அளந்துகொள்ள வேண்டும்.

இம்முறையின் அனுகூலங்கள் வெளிப்படை. உராயும் கட்டை இல்லாமையால் பொறி விழும் தருணம் வருஷக்கணக்கில் மாறாது. கடுங்குளிரில் ஸ்டார்ட்டர் மெதுவாய்ச் சுழலும்போதும் பொறி தளராது. டகோடா மாகாணங்களில் பனிக்காலத்துக் காலைவேளையில், பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரி ஸெண்டிகிரேட் குளிரில், மாட்டுக்குத் தீனி கொண்டுபோக வேண்டியவனுக்கு இது சிறிய நன்மையன்று.

பிரதிகூலமும் உண்டு. பாயிண்ட் கெடுவது படிப்படியாக நிகழும். யந்திரம் இரும்பித் தும்மி முன்னறிவிப்புக் கொடுக்கும். வயல் நடுவில் நின்றாலும் சிறு அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்த்து, கண்ணளவில் சந்து வைத்து, வீடு வந்து சேரலாம். எலெக்ட்ரானிக் வில்லையோ ஒரு கணம் வேலை செய்து மறுகணம் ஓய்ந்துவிடும். அதைப் பழுதுபார்க்க வழியில்லை, மாற்றவே வேண்டும். கான்ஸஸ் மாகாணத்தில் ஜூன் மாதத்தில் கோதுமை அறுவடை மும்முரமாய் நடைபெறுகையில், அருகிலுள்ள கடை முப்பது மைலுக்கு அப்பால் இருப்பின் இவ்வித்தியாசம் நன்கு விளங்கும். ஆகையால், கழற்றிய பழைய பாயிண்ட்டையும் கண்டன்ஸரையும் எறிந்துவிடாமல், ஒரு திருப்புளியோடும் சந்து அளக்கும் தகட்டோடும் ஒரு டப்பாவிலிட்டு, வண்டியிலேயே வைத்திருத்தல் விவேகம். முதல் வழியில் மாற்றியவர்கள் கால்மணி அரைமணியில் பழைய முறைக்குத் திரும்பிவிடலாம். எச்.ஈ.ஐ. பொருத்தியவர்கள் அதற்குரிய வில்லை ஒன்றை உபரியாக வாங்கி வைத்திருக்க வேண்டும்.

பொருத்தும்போது கவனிக்கவேண்டியவை

சி-10 லாரியில் சாவியிலிருந்து காயிலுக்கு வரும் கம்பி சாதாரணக் கம்பியன்று. மின்சாரத்தைக் குறைத்து அனுப்பும் தடைக்கம்பியாகும். வண்டி ஓடும்போது பாயிண்ட்டுகள் சூடேறிக் கருகாதபடி, காயிலுக்கு 12 வோல்ட்டுக்குக் குறைவாகவே செல்லும்படி அது அமைக்கப்பட்டது. ஸ்டார்ட்டர் சுழலும்போது மட்டும் வேறொரு கம்பியின் வழியாகப் பாட்டரியின் வோல்ட் முழுதும் கிடைக்கும். எச்.ஈ.ஐ. முறைக்கு எப்போதும் முழு வோல்ட் வேண்டும். ஆதலால், அத்தடைக்கம்பியை விலக்கி, சாவியைத் திருப்பும்போது மட்டும் மின்சாரம் வரும் இடத்திலிருந்து தடித்த புதுக்கம்பி ஒன்றை இழுத்தல் அவசியம். இதைச் செய்யாமல் புதிய டிஸ்ட்ரிப்யூடரைப் பொருத்தி, வண்டி முன்னிலும் மோசமாய் ஓடுகிறதென்று குறைகூறுவோர் பலர். இதற்கு மாறாக, பாயிண்ட்டை வைத்துக்கொண்டே தடைக்கம்பியை நீக்கிவிட்டால் பாயிண்ட் விரைவில் கருகிப்போகும்.

எலெக்ட்ரானிக் வில்லையின் கம்பிகளை மாற்றி இணைத்தால் அது உடனே கெட்டுவிடும். யந்திரம் ஓடாமல் நிற்கும்போது சாவியைத் திருப்பிய நிலையிலேயே விட்டுவைத்தாலும் காயிலுக்கும் வில்லைக்கும் சேதம் நேரும். எச்.ஈ.ஐ. வில்லையின் அடியில் சூட்டைக் கடத்தும் பசையைத் தடவ மறந்தால், அது சூட்டினால் சீக்கிரம் மடியும். பிளக்கின் சந்தை 0.045 அங்குலம் வரை அகட்டுவது எச்.ஈ.ஐ. பொருத்தியபின் மட்டுமே தகும். அப்போதும் கம்பிகளும் மூடியும் அந்த அதிக வோல்ட்டைத் தாங்கக் கூடியவையாயிருத்தல் வேண்டும். பழைய கம்பிகளோடு சந்தை அகட்டினால், பொறி பிளக்கை விட்டுக் கம்பியின் விரிசல் வழியே தாவிவிடும். எம்முறையைக் கைக்கொண்டாலும், கடைசியில் டைமிங் விளக்கைக்கொண்டு பொறி விழும் தருணத்தைச் சரிபார்த்தாலன்றி வேலை முடிந்ததாகாது.

யாருக்கு எது தகும்?

வண்டி நன்றாய்க் கிளம்பி, ஏற்றத்தில் திணறாது ஓடுமாயின், மாற்றவேண்டியது யாதுமில்லை. வருஷத்துக்கு ஒருமுறை பிளக்கும் பாயிண்ட்டும் பார்த்து, மூடியைத் துடைத்து, டைமிங் வைத்துக்கொண்டால் போதும். தரங்குறைந்த பாயிண்ட்டுகளும் கண்டன்ஸர்களும் கடைகளில் கிடைப்பதால், நன்றாய் உழைத்ததென்று கண்ட தினுசையே மறுமுறையும் வாங்குதல் நலம்.

வண்டி திணறுமாயின், முற்கூறிய ஆறு சோதனைகளையும் வரிசையாய்ச் செய்து, கெட்டதை மட்டும் மாற்றுக. செலவும் குறையும், காரணமும் விளங்கும். ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் மாற்றியவர், எதனால் குணம் கண்டதென்பதை அறியமாட்டார். மறுபடியும் அதே கோளாறு நேரும்போது அவர் இருட்டில் தடவவேண்டியதாகும்.

பாயிண்ட்டைப் பார்த்துக்கொள்ள நேரமில்லாதவர்க்கும், குளிர்நாட்டில் வண்டியைத் தினந்தோறும் விடியற்காலையில் கிளப்பவேண்டியவர்க்கும், டிஸ்ட்ரிப்யூடர் தேய்ந்து எப்படியும் மாற்றவேண்டியவர்க்கும் எலெக்ட்ரானிக் முறை தக்கதே. ஆனால் அவர்கள் வாங்குவது உழைப்பு மிச்சமும் ஒழுங்குமேயன்றிக் குதிரைத்திறன் அன்று. யந்திரத்தின் அமுக்கத்தைக் கூட்டியவர்களும், மிகுந்த வேகத்தில் ஓட்டுவோரும் தவிர மற்றவர்க்கு, வலிய காயிலை மாத்திரம் தனியே வாங்கிப் பொருத்துவதால் யாதொரு லாபமும் இல்லை.

பழைய வண்டியில் போடும் பணம் நிலத்தில் போடும் எருவைப் போன்றதே. மண்ணில் எது குறைவென்று அறிந்து இட்டால் பலன் தரும். குறைவில்லாததை மேலும் மேலும் இட்டால் வாய்க்காலோடு போகும். வரும் அறுவடைக்கு முன், ஓய்வுள்ள ஒரு நாளில், வோல்ட் மீட்டரும் சந்து அளக்கும் தகடும் கையிலெடுத்து வண்டியின் மூடியைத் திறந்து பார்ப்பவர்க்கு, கடைக்குச் செல்லவேண்டுமா வேண்டாமா என்பது அன்று மாலைக்குள் தெரிந்துவிடும்.